ராமுத்தாய் சீல் போடாத கதை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மறைத்தேன் என்று பேச்சு வரக்கூடாது. இது ஒரு ஸ்க்ரீன்ஷாட்டில் பிறந்தது. மேலே ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில் ராமுத்தாய் என்று பெயர், கீழே ஆறு வரி. அந்த ஆறு வரியை எழுதியது ராமுத்தாய் என்பது உண்மை. அதில் இருப்பது அவருடைய கருத்து இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் பத்தொன்பது வருடமாகச் சேர்த்த நல்ல பெயர் போய்விட்டது.

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"காலை எட்டரை மணி ஷிப்டுக்குப் பெல் அடித்தபோது ராமுத்தாய் தன் லைனுக்கு முன்னால்" [எல்லாப் பனியன் கம்பெனிக் கதைகளும் பெல் அடித்துத்தான் தொடங்குகின்றன. வேண்டாம்.]

"இணையத்தில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏன் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று ஆராய்ந்தால்" [இது கட்டுரை. அதுவும் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும் கூட்டத்தில் வாசிக்கிற கட்டுரை.]

"ராமுத்தாய் நல்லவர்." [முதல் வரியிலேயே இப்படிச் சொன்னால் அவருக்கு என்னமோ ஆகப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகத்தான் போகிறது. இருந்தாலும் இது இருக்கட்டும்.]

2

ராமுத்தாய்க்கு முன்னால் அருள்குமாரைச் சொல்ல வேண்டும். திருப்பூரில் துணிப் பரிசோதனை லேப் வைத்திருப்பவர். துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும், சாயம் ஓடுமா, ஓடாதா என்று நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற தொழில். அவர் பொழுது போகாமல் ஓர் இணைய மன்றம் தொடங்கினார். பெயர் 'கட்டிங் டேபிள்'. ஓனரும் டெய்லரும் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சன்டைசரும் செக்கிங் பெண்ணும் ஒரே மேசையைச் சுற்றி நின்று பேசட்டும் என்று ஆசைப்பட்டார்.

முதல் ஆறு மாதம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் எப்போது வரும் என்று ஒருவர் கேட்பார். ஏழாவது பதிலில் அவருடைய அப்பா எந்தக் கட்சி என்று விசாரணை நடந்துகொண்டிருக்கும். வடநாட்டு ஆட்களைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், கணினியே சூடாகிவிடும். யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. எதிராளி சொன்னதாகத் தாங்களே நினைத்துக்கொண்ட ஒன்றுக்குத்தான் பதில் சொன்னார்கள்.

அருள்குமார் யோசித்தார். நம் தொழிலில் சண்டை வந்தால் எப்படித் தீர்க்கிறோம்? சீல் சாம்பிள் இருக்கிறது. சரக்கு வாங்குகிற பையர் ஒரு பீஸைப் பார்த்து, இதுதான் நான் கேட்டது என்று ஒப்புக்கொண்டு சீல் போடுவார். அதே மாதிரி இன்னொன்று நம்மிடம் இருக்கும். நாளைக்குத் தகராறு என்றால் இரண்டையும் மேசைமேல் வைத்துப் பேசலாம். அது இல்லாமல் பேசினால் இவர் ஒரு பனியனைப் பற்றிப் பேசுவார், அவர் வேறு பனியனைப் பற்றிப் பேசுவார்.

அதையே மன்றத்தின் விதியாக்கினார். நீங்கள் யாரையாவது மறுக்க வேண்டுமா? முதலில் அவர் சொன்னதை 'நான்' என்று போட்டு, அவர் நிலையில் நின்று, உங்கள் வார்த்தையில் எழுத வேண்டும்; அதுதான் சாம்பிள். அதைப் படித்துவிட்டு அவர், "ஆமாங்க, இதேதான்" என்று சீல் போட வேண்டும். பிறகுதான் நீங்கள் மறுத்து எழுதும் கட்டம் கீழே திறக்கும்.*

[* சாம்பிள் எழுதியவரின் பெயரும் படமும் மேலே வரும். இது சாம்பிள்தான், இவர் கருத்து இல்லை என்பதற்கு அடையாளமாக வலது ஓரத்தில் மங்கலாக 'சாம்பிள்' என்று ஒரு சொல் இருக்கும். "அதைச் செகப்புல, நடுவுல போட்டிருக்கோணுங்க" என்று அருள்குமார் இப்போதும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.]

நம்பமாட்டீர்கள், அது வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் வேண்டுமா, வேண்டாமா என்று ஓர் ஓனரும் ஒரு டெய்லரும் பதினோரு நாள் வாதாடினார்கள். ஒருவர் வீட்டுப் பெண்களை ஒருவர் இழுக்கவில்லை. பன்னிரண்டாவது நாள் ஓனர், "நீங்க சொன்னதுல பாதி சரிங்க" என்று எழுதினார். பாதி சரி என்று ஒருவர் இணையத்தில் ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

3

[முதல் வரைவில் ராமுத்தாயை 'அவள்' என்று எழுதியிருந்தேன். முதலாளிகளுக்குக் கையோடு வருகிற பழக்கம் அது. திருத்திவிட்டேன்.]

ராமுத்தாய் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்தவர். கம்பெனி விடுதியில் ஏழு வருடம் இருந்தார். டெய்லராகி, பிறகு சூப்பர்வைசராகி, இரண்டு லைன்களுக்குப் பொறுப்பாக இருந்தார். ஏறக்குறைய நாற்பது மெஷின்கள். அத்தனையிலும் பெண்கள். பாதிப் பேர் விடுதியில் இருக்கிறவர்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பெண் தையலைத் தொடர்ந்து கோணலாகப் போட்டால் மற்ற சூப்பர்வைசர்கள் கத்துவார்கள். ராமுத்தாய் அவளை எழுப்பிவிட்டு அதே மெஷினில் உட்கார்ந்து, அவள் போட்ட மாதிரியே கோணலாக ஒரு பீஸ் தைத்துப் பார்ப்பார். எந்த இடத்தில் கை நழுவுகிறது என்று தன் கைக்குத் தெரிந்த பிறகுதான் திருத்துவார். "தப்பு எங்க வருதுன்னு நமக்குத் தெரியாம அடுத்தவளுக்கு எப்பிடிச் சொல்ல" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு அருள்குமாரின் விதி புதிதாகவே தோன்றியிருக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகள்மேல் சாய்ந்துகொண்டு மன்றத்தைப் படிப்பார். எதையும் இரண்டு தடவை படிப்பார். சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடுதான் எழுதினார். புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, நான் என்ன மொட்டைக் கடுதாசியா போடுகிறேன் என்று கேட்டாராம்.

4

இனி எதிராளி வர வேண்டும். மன்றத்தில் அந்த ஆளின் பெயர் 'பல்லடம் பஸ்'. எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே போகிற எழுத்து என்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான்.

இந்தப் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. முதலில் இப்படி எழுதினேன்: "ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, விரலில் கல் மோதிரம், வாயைத் திறந்தால்" [அடித்துவிட்டேன். சினிமாவில் வந்து அடி வாங்குகிற ஆள் இவர்.] அடுத்து, "இரக்கமே இல்லாத ஒரு" [இதுவும் இல்லை. இரக்கம் இருந்தது. அதுதான் சிக்கல்.]

பல்லடம் பஸ் எழுதியது இவ்வளவுதான்: "விடுதிப் பெண்களுக்குப் போன் எதற்கு? வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். அனுபவப்பட்டவங்க சொல்றோம்."

இதற்கு நாற்பது பேர் திட்டி எழுத வந்தார்கள். விதி இருந்ததால் யாராலும் எழுத முடியவில்லை. சாம்பிள் எழுதப் பொறுமை இல்லாமல் போய்விட்டார்கள். ராமுத்தாய் மட்டும் போகவில்லை. என்ன அனுபவம் என்று கேட்கலாமா என்று ஒரு வரி எழுதினார். பதில் வரவில்லை. மறுநாள் மறுபடி கேட்டார். மூன்றாவது நாள் பல்லடம் பஸ் சொல்லிவிட்டது.

விடுதியில் ஒரு பெண் இருந்தாள். போனில் பழக்கமான எவனையோ நம்பி ஒரு வெள்ளிக்கிழமை போனாள், திரும்பவில்லை. அவளுடைய அம்மா வந்து கம்பெனி கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அழுதாள். "எம்புள்ளய ஒங்கள நம்பித்தான விட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தக் கேட்டைத் தாண்டி அன்று யாரும் சாப்பிடப் போகவில்லை. அதை அதுவரை ஒருவரும் பல்லடம் பஸ்ஸிடம் கேட்டதில்லை. ராமுத்தாய்தான் முதலில் கேட்டவர்.

5

ராமுத்தாய் இரண்டு மதியம் செலவழித்து எழுதிய சாம்பிள் இது.

"விடுதியில் இருக்கிற பிள்ளைகள் நம் பொறுப்பு; பெற்றவர்கள் நம்மை நம்பித்தான் விட்டுப் போகிறார்கள்.
போனில் வந்த ஒருவனை நம்பிப் போன பெண்ணின் அம்மா, கம்பெனி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.
அந்தப் பெண் இன்றுவரை வரவில்லை.
அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.
அதனால்தான் போனை வாங்கிப் பூட்டி, சாயங்காலம் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும் என்கிறேன்.
பிள்ளைகள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, பத்திரமாக இருந்தால் போதும்."

பல்லடம் பஸ் அதைப் படித்துவிட்டு, "ஆமாங்க, இதேதானுங்க. எனக்கு இப்படிச் சொல்ல வரலைங்க" என்று எழுதிச் சீல் போட்டது.

கீழே கட்டம் திறந்தது. அதில் ராமுத்தாய் மறுத்து எழுதியது அச்செடுத்தால் நாலு பக்கம். தான் விடுதியில் இருந்த காலத்தில் வார்டன் அறையில் ஒரே ஒரு போன் இருந்ததையும், அதன் முன்னால் வரிசையில் நின்றதையும் எழுதியிருந்தார். நடுவில் இப்படி ஓர் இடம்: "ஏமாற்றுகிறவனுக்கு ஒரு மணி நேரம் தாராளம். அவன் நேரம் பார்த்துக் காத்திருந்து கூப்பிடுவான். வீட்டுக் கஷ்டத்துக்குத்தான் நேரம் பார்க்கத் தெரியாது. பெட்டியைப் பூட்டினால் அவன் வெளியே நிற்கமாட்டான். வீடுதான் வெளியே நிற்கும்."

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6

ஒரு வியாழக்கிழமை யாரோ அந்த ஆறு வரியை மட்டும் வெட்டினார்கள். ஓரத்தில் மங்கலாக இருந்த 'சாம்பிள்' வெட்டோடு போய்விட்டது. மேலே ராமுத்தாயின் முகம், கீழே பூட்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மவர்களுக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள். ஒரு சோற்றைப் பார்த்தார்கள், பானையை இறக்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அது எல்லா வாட்ஸப் குழுவிலும் இருந்தது. எழுதியவர்கள் எழுதியதை நான் இங்கே தரப்போவதில்லை. கைக்கூலி என்பதுதான் அதில் மரியாதையான சொல். எந்த ஊர், என்ன சாதி, புருஷன் ஏன் விட்டுவிட்டுப் போனான் என்பது வரைக்கும் போனார்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. ராமுத்தாய்க்கு இவை பெரிதாக வலிக்கவில்லை. முகம் தெரியாதவர்கள்தானே என்று விட்டுவிட்டார்.

வலித்தது டீ. காலை டீ நேரத்தில் லைன் பெண்கள் அவருடைய மேசையில் ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் போவார்கள். வருஷக்கணக்கான வழக்கம். சனிக்கிழமை டம்ளர் வரவில்லை. யாரும் முறைக்கவில்லை. டீ மட்டும் வரவில்லை. ராமுத்தாய் அன்று சாயங்காலம் வரை அந்த மேசையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கம்பெனி நிர்வாகம் அந்தப் படத்தை அச்செடுத்து விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. போனைப் பூட்ட வேண்டும் என்று அவர்களுக்கு நெடுநாள் ஆசை. பெண்கள் கேள்வி கேட்பார்களே என்ற பயம் இருந்தது. இப்போது பதில் தயாராக இருந்தது. உங்கள் ராமுத்தாய் அக்காவே சொல்கிறார், படித்துப் பாருங்கள் என்றார்கள். கீழே ஓர் இரும்புப் பெட்டி வந்து உட்கார்ந்தது.

ராமுத்தாய் நிர்வாகத்திடம் போய், அது தன் கருத்து இல்லை என்று சொன்னார். அவர்கள் சிரித்துவிட்டு, நல்லதைத்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றார்கள். ப்ரவுசிங் சென்டரில் நாலு பக்கத்தையும் நாற்பது பிரதி எடுத்து வந்து மெஷின்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். ஒரு பெண் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு இருக்கேக்கா, பீஸ் கெடக்கு" என்றாள். மூன்றாம் நாள் ஒரு மெஷினில் கசிந்த எண்ணெயைத் துடைக்க அந்தத் தாள் கிடந்தது. அது வன்மமில்லை. கைக்கு எட்டிய தாள் அது, அவ்வளவுதான்.

சித்ராதேவி துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். சாத்தூர்ப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. லைனில் ராமுத்தாயோடு அதிகம் பேசுகிறவள் அவள்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய அப்பா காட்டு வேலையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு மணியிலிருந்து வீட்டிலிருந்து போன் அடித்தது. போன் பெட்டிக்குள் இருந்தது. சாவி வார்டனிடம் இருந்தது. வார்டன் குண்டடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெட்டிக்குள் அடித்த சத்தம் பக்கத்து அறைப் பெண்களுக்குக் கேட்டது. யாருடைய போன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பெட்டி திறந்தபோது இருபத்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. மதியமே தெரிந்திருந்தால் பஸ் ஏறிப் பொழுதுக்குள் போய்ச் சேர்ந்திருப்பாள். அவர்கள் முடிந்தவரை காத்திருந்துவிட்டு, இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த அன்று சித்ராதேவி நேராக ராமுத்தாயின் மேசைக்கு வந்தாள். போனில் அந்தப் படத்தை எடுத்து முன்னால் வைத்தாள். அழவில்லை.

"அக்கா, இதுல நாலாவதா, அந்த அம்மாவுக்குச் சொல்ல எங்கிட்ட பதில் இல்லன்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மாவுக்கு நான் என்னக்கா சொல்ல?"

மேசை இழுப்பறையில் அந்த நாலு பக்கம் இருந்தது. ராமுத்தாய் அதை எடுக்கவில்லை. சாவு கண்ட வீட்டுப் பிள்ளையின் முன்னால், அது என் கருத்து இல்லை என்று தன் நியாயத்தைப் பேச அவருக்கு வாய் வரவில்லை. "சாப்பிட்டியாத்தா?" என்று மட்டும் கேட்டார். சித்ராதேவி போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரமே கணக்கு முடித்து ஊருக்குப் போனாள். அடுத்த வாரம் ராமுத்தாயும் வேலையை விட்டார்.

7

இங்கே கதையை எப்படியாவது சரிக்கட்ட முடியுமா என்று பார்த்தேன்.

ஒரு முடிவு: சித்ராதேவி ஊரில் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் படிக்கிறாள். ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு [யாரும் நாலு பக்கம் படிப்பதில்லை. நீங்கள் இந்தக் கதையில் இதுவரை வந்திருப்பதே பெரிய காரியம்.]

இன்னொரு முடிவு: அருள்குமார் விளக்கம் எழுதுகிறார், ஊர் உண்மையை உணர்கிறது. [எழுதினார். மூன்று பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். ஒருவர், காலர் வைத்த டி-ஷர்ட் மொத்தமாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அந்த மாதமே அருள்குமார் மன்றத்தை மூடிவிட்டார்.]

மூன்றாவதுதான் சுலபமானது. பல்லடம் பஸ் சொந்தப் பெயரில் வந்து ஒரு வரி எழுத வேண்டும்: அது என் கருத்து, அந்தம்மா அதை மறுத்துத்தான் எழுதினார். வெட்டிய வியாழனுக்கும் பெட்டி வந்த திங்களுக்கும் நடுவில் நாலு நாள் இருந்தது. சித்ராதேவியின் அப்பா போன அந்த ஞாயிறு வரை எண்ணினால் பதினேழு நாள். ஒரு வரி எழுதப் பதினேழு நாள் போதும்.

எழுதவில்லை.

நாலாம் பகுதியில் அந்தப் பாத்திரம் சரியாக வரவில்லை என்றேன். அது பொய். பல்லடம் பஸ் நான்தான். வேட்டி, மோதிரம் எல்லாம் என்னை மறைக்கப் போட்டுப் பார்த்த வேஷம். பல்லடம் சாலையில் எங்களுக்கு ஒரு யூனிட்டும் அதை ஒட்டி ஒரு விடுதியும் இருக்கிறது. கேட்டைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா அழுதபோது உள்ளே நின்றது நான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை.

ஏன் வாய் திறக்கவில்லை என்றால், எங்களுக்கு அந்த மாதம் ஆடிட் இருந்தது. வெளிநாட்டுப் பையருடைய ஆள் வந்து விடுதியில் பாத்ரூம் எத்தனை, ஜன்னல் எத்தனை என்று பார்ப்பார். போனைப் பூட்டுகிற விடுதி என்று தெரிந்தால் ஆர்டர் போய்விடும். ஆடிட் முடியட்டும், பிறகு எழுதுகிறேன் என்று தினமும் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சொன்னது என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று பாக்கி இருக்கிறது. ராமுத்தாயின் சாம்பிளைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. என் மனதில் இருந்ததை என்னைவிட நன்றாக ஒருவர் சொல்லிவிட்டார். சந்தோஷமாகச் சீல் போட்டேன். போட்டுவிட்டு மூடிவிட்டேன். கீழே அவர் எழுதிய மறுப்பை நான் அப்போது படிக்கவில்லை. சித்ராதேவியின் அப்பா செய்தி கேட்ட பிறகுதான் படித்தேன். வீடுதான் வெளியே நிற்கும் என்ற இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் படத்தை வெட்டியது நான் இல்லை. ஆனால் வெட்டியவர் எந்த வரியில் நிறுத்தினாரோ, அதே வரியில்தான் நானும் நிறுத்தியிருந்தேன்.

8

ராமுத்தாய் இப்போது திருமுருகன்பூண்டியில் சிற்பக்கூடங்களுக்குப் பின்னால் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங் வேலை. விலாசம் தந்தது ரோஸ்மேரி. ராமுத்தாயின் லைனில் இருந்த பெண், இப்போது எங்கள் யூனிட்டில் தைக்கிறாள். இந்தக் கதையில் டீயும் கோணல் தையலும் சித்ராதேவி கேட்ட கேள்வியும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். நான் யார் என்று சொன்னேன். "உள்ள வாங்க மேடம்" என்றார். இதுவரை நீங்கள் படித்த ஏழு பகுதிகளையும் வாசித்துக் காட்டினேன். வெளியே கல் கொத்துகிற சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"எம்பக்கத்த நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார் கடைசியில்.

"உங்க பக்கம் நின்னு எழுதிப் பார்த்தனுங்க. அருள்குமார் விதிப்படி. சரியா இருந்தாச் சீல் போடுவீங்களான்னு கேக்கத்தானுங்க வந்தேன்."

என் குரல் கெஞ்சியது எனக்கே கேட்டது. அவர் தாள்களை வாங்கிப் புரட்டினார். அந்த வரைவில் அவருக்குச் செல்லத்தாய் என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன். எனக்குப் பெயரே வைக்கவில்லை. 'நான்' என்று போட்டிருந்தேன்.

"எம்பேர எதுக்கு மாத்துனீங்க? அது ஊரெல்லாம் போயிட்டு. இனிமே மாத்தி என்ன செய்ய? ஒங்க பேருதான் இன்னும் எங்கயும் போகல."

தாள்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கதைன்னா நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லுவாக. சித்ரா கதையெல்லாம் படிக்க மாட்டா மேடம். அவளுக்கு வந்தது ஆறு வரி. அதே நீளத்துக்கு எழுதுனீங்கன்னா ஒருவேளை படிப்பா."

"எழுதறனுங்க. எழுதினா நீங்க சீல் போடுவீங்களா?"

"நான் போட்டு என்ன ஆவுது? அவ போடணும்."

பிறகு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து, என் முன்னால் ஒரு டம்ளரை வைத்தார். அந்த டம்ளரைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அவர் வீட்டில், அவர் முன்னால், நான் அழுதேன். அவர் அழவில்லை. ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னார்.

9

வீட்டுக்கு வந்து எல்லாப் பெயர்களையும் திருத்தினேன். நீங்கள் படித்ததில் இருப்பவை அசல் பெயர்கள்.

எங்கள் விடுதி என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பெட்டி இருக்கிறது, பூட்டை எடுத்துவிட்டேன். முழுசாக மாறிவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். கேட்டருகே அந்த அம்மா அழுதது எனக்கு இன்னும் கேட்கிறது. பெட்டிக்குள் அடித்த போனும் இப்போது சேர்ந்து கேட்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பேசுவதற்கு அருள்குமாரின் அந்த மேசை ஒன்றுதான் இருந்தது. அதுவும் இல்லை.

ஆறு வரி எழுதுவது இந்தக் கதை முழுவதையும்விடக் கஷ்டமாக இருந்தது. "தவிர்க்க முடியாத சூழ்நிலையால்" [இல்லை. தவிர்த்திருக்கலாம்.] "என்னை அறியாமல்" [அறிந்துதான்.] "சம்பந்தப்பட்ட அனைவரிடமும்" [அனைவர் என்றால் யாரும் இல்லை. ஒருத்திதான்.]

சித்ராதேவியின் போன் எண் மாறிவிட்டது. ஊர்ப்பெயர் ரோஸ்மேரிக்கும் தெரியவில்லை, சாத்தூர்ப் பக்கம் என்பதுதான் தெரியும். ஆகவே முடிவை உங்கள் கையில் கொடுக்கிறேன். கீழே இருக்கும் ஆறு வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். மேலே உள்ள கதையை வெட்டிப் போட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. அந்தப் படம் போன வழியெல்லாம் இதுவும் போகட்டும். ஆடிட்டர் பார்த்தாலும் பார்க்கட்டும். அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இஷ்டம்.

நான் இந்துமதி, பல்லடம் சாலையில் பனியன் யூனிட்டும் பெண்கள் விடுதியும் நடத்துகிறேன்.
போனைப் பூட்ட வேண்டும் என்று 'பல்லடம் பஸ்' என்ற பெயரில் எழுதியது நான்.
ராமுத்தாய் என் பேச்சை எனக்கே சரியாகச் சொல்லிக் காட்டி, அதன் கீழே அதை மறுத்து எழுதினார்.
மேலே இருந்ததை மட்டும் யாரோ வெட்டி அனுப்பினார்கள். உண்மை தெரிந்த நான் பதினேழு நாள் பேசாமல் இருந்தேன்.
சித்ராதேவி, உன் அப்பா முகத்தை நீ பார்க்க முடியாமல் போனதற்கு ராமுத்தாய் காரணம் இல்லை.
உன் அம்மாவுக்குச் சொல்ல என்னிடமும் பதில் இல்லை.

சீல்: